உன் அப்பா கேட்ட பெரிய கேமரா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு, அதுவும் குடும்பப் படம் எதிலும் கண்ணைத் திறந்து நின்றறியாத உன் அப்பாவுக்கு, திடீரென்று கேமரா ஆசை எதற்காக வர வேண்டும்? பல நாளாக இந்தக் கேள்வியை மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். பதில் எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறவள்தான் நான், வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் முன்பே கேள்வியில் இறங்கிவிட்டேன், பொறுத்துக்கொள். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், போன ஞாயிறு உன் குரல் கட்டியிருந்தது, கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய், ஒன்றுமில்லை என்பது நம் குடும்பத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தை என்பதால் நான் அதை நம்பவில்லை, வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நான் சுகம். அப்பாவும் சுகம் என்றுதான் வழக்கமாக அடுத்த வரி வரும், அதை இன்று அப்படியே எழுதக் கை வரவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நம் வீட்டில் ஃபோன் என்றால் கூடத்து மேசையில் ஸ்பீக்கரைப் போட்டு வைத்துப் பேசுவது, நான் 'அப்பா நல்லா இருக்கார்' என்று சொல்லும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார், ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த ஆளைப் பற்றி எப்படிப் பேசுவது. அதனால்தான் காகிதம்.

உனக்கு வேலை நிரந்தரமான அன்று, அப்பாவுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள் என்று நீ கேட்டாய் அல்லவா, அங்கே ஆரம்பித்தது இது. எனக்கெதுக்கும்மா, நீ ஏதாவது வாங்கிக்கோ என்று சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் மூச்சுவிடாமல் 'கேமரா' என்றார், பிறகு 'பெரிசு, டி.எஸ்.எல்.ஆர்.' என்றார். டிவி ரிமோட்டைக்கூட 'அதை எடு' என்று சொல்கிற மனிதர், எழுத்து எழுத்தாக அதைச் சொன்னார். எனக்கு அங்கேயே சுருக்கென்றது. எது என்று பார்த்து முடிவு செய்து சொல்லுங்கள் என்று நீ ஃபோனை வைத்துவிட்டாய், அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. நான் காம்பாக்ட் கட்சி. கைப்பைக்குள் போகும், லென்ஸ் தானே வெளியே வந்து தானே உள்ளே போய் மூடிக்கொள்ளும், ஜூம் அதிகம், அழுத்தினால் படம், அவ்வளவுதானே வேண்டும். ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். என்பதில் ஆரம்பம் என்ற வார்த்தையைத்தான் நான் நம்பவில்லை, அதை வாங்கினால் அதற்கு இன்னொரு லென்ஸ், ஒரு பை, துடைக்க ஒரு துணி, தூசி ஊத ஒரு ரப்பர் உருண்டை என்று புது மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குள் ஒளியை வாங்குகிற உணரி, சென்சார், பெரியது, வெளிச்சம் குறைந்த இடத்திலும் படம் நன்றாக விழும் என்பது எனக்கும் தெரியும், இயற்பியல் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்க்கிறவள் நான். அலமாரிக்குள் தூங்கப் போகிற கேமராவுக்கு உணரி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன என்றுதான் கேட்டேன். உன் அப்பா எதற்கும் வாதாடவில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. 'சின்னது வேண்டாம், கைக்கு அடங்காது' என்று ஒரே வரி. பெரியதுதானே கைக்கு அடங்காது, சின்னது எப்படி அடங்காமல் போகும் என்று கேட்டேன், 'அது உனக்குப் புரியாது புரொபசர்' என்று எழுந்து போய்விட்டார். அப்படியானால் ஃபோனிலேயே எடுங்களேன் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன், 'ஃபோன்ல ஒண்ணும் உருப்படியா விழ மாட்டேங்குது' என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் நான் சந்தேகப்பட்டது உன் மாமாவை. என் தம்பிக்கு ஊரில் உள்ள எல்லாக் கடைக்காரர்களும் சிநேகிதர்கள், எதை வாங்கப் போனாலும் எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்குக்கா என்பான், பிரிட்ஜ் வாங்கின கதை உனக்கு நினைவிருக்கும். இந்தத் தடவை அவன் கேட்காமலே வீட்டுக்கு வந்து, 'அக்கா, சின்னது வாங்குறதுக்கு ஃபோனே போதும், மச்சானுக்குப் பெரிசே வாங்கிக் குடுக்கச் சொல்லு, மனுஷன் இத்தனை வருஷத்துல ஒண்ணு ஆசைப்பட்டுக் கேக்குறார்' என்றான். இதுல உனக்கு என்ன கிடைக்குது என்று நேராகவே கேட்டேன். 'உன் வாயால நல்ல பேர் கிடைக்காது, அது மட்டும் நிச்சயம்' என்று சிரித்தான். ஆனால் சிரித்த வேகத்தில் கிளம்பிவிட்டான், நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கிளம்புகிற ஆள் இல்லை என் தம்பி, இருவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஒருவேளை வேலையை விட்டுவிட்டுக் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போகலாம் என்று திட்டமோ என்று தோன்றியது. காலையிலிருந்து மதியம் வரை ஆஸ்பத்திரி லேபில் நின்று ரத்தம் எடுக்கிற வேலை அலுக்கத்தானே செய்யும், அவர் குத்தினால் ஊசி போனதே தெரியாது, குழந்தைகள்கூட அழாமல் கை நீட்டும் என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கினாலும் அது ஊசிதான். பிறகு இன்னொன்று கவனித்தேன். கொஞ்ச காலமாகவே அவருடைய வலது கை பாக்கெட்டுக்குள் இருக்கிறது. பால்கனியில் நின்றாலும் பாக்கெட், படியில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசினாலும் பாக்கெட். ஃபோனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தி என்னவெல்லாம் நினைக்கக் கூடாதோ அதெல்லாம் நினைத்தேன், உன்னிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பாதி உண்மை எழுதுவதாக இருந்தால் காகிதமே தேவையில்லை. ஒருநாள் அவர் அப்படி நிற்கும்போது உள்ளே வந்து பார்த்தால் அவருடைய ஃபோன் சமையலறையில் சார்ஜில் கிடக்கிறது. பாக்கெட்டில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத பாக்கெட்டுக்குள் ஒரு மனிதர் எதற்குக் கையை வைத்துக்கொண்டிருக்க வேண்டும், அது என்னை இன்னும் மோசமாகக் குழப்பியது. டீ கொண்டுவந்து கொடுத்தால் பாதி டம்ளர்தான் கொண்டுவருகிறார், கேட்டால் உனக்குச் சர்க்கரை குறையட்டும் என்கிறார், சர்க்கரை வியாதி எனக்கு இல்லை.

போன சனிக்கிழமை கடைக்குப் போனோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கிறது, கீழே செருப்புக் கடை, படி குறுகல், மேலே ஒரு நீளக் கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராக்களை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள், எதிர்ச் சுவரில் ஒரு பெரிய வட்டக் கடிகாரம். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே அதைத் தேடுகிற ரகம். மாமாவின் சிநேகிதர் இல்லை இவர், நான் வேண்டுமென்றே வேறு கடையாகப் பார்த்து அழைத்துப் போனேன். அவர் மெகாபிக்சல் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார், அது வேண்டாம், இரண்டிலும் ஒவ்வொன்றை வெளியே எடுங்கள் என்றேன். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எந்த அளவையும் ஒரு தடவை எடுத்து எழுதக் கூடாது, மூன்று தடவை எடுக்க வேண்டும், ஒருவர் எடுத்தது போதாது, கூட்டாளியும் எடுக்க வேண்டும், இது உனக்குத் தெரியும், சின்ன வயதில் உன் காய்ச்சலையே நான் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் மாத்திரை கொடுப்பேன். அதே முறைதான். உன் அப்பா அந்தக் கடிகாரத்தை முழுசாக ஜூம் செய்து பெரியதில் மூன்று, சின்னதில் மூன்று எடுக்க வேண்டும், பிறகு நான் எடுக்க வேண்டும். 'அம்மா கேமரா வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா' என்று கடைக்காரர் கேட்டார், இரண்டுக்கும்தான் என்றேன். உன் அப்பா பெரியதை வாங்கிக் கண்ணில் ஒட்ட வைத்துக்கொண்டு, முழங்கை இரண்டையும் விலாவில் இறுக்கி, ஏதோ பிறந்ததிலிருந்து அதே வேலை பார்க்கிறவர் மாதிரி நின்றார். டக் டக் டக் என்று முடிந்தது. சின்னதற்குக் கண் வைத்துப் பார்க்கிற துவாரம் கிடையாது, திரையைப் பார்த்துக் கையை முன்னால் நீட்டித்தான் பிடிக்க வேண்டும். அதை வாங்கவே அவர் யோசித்தார். நான்தான் சும்மா எடுங்க என்று கையில் திணித்தேன். மூன்றையும் திரையில் போட்டுப் பார்த்தால் கடிகாரத்தில் எண்ணே தெரியவில்லை, எல்லாம் இழுபட்டுக் கிடக்கிறது.

என் கட்சி தோற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கையாட்டத்தைச் சமன் செய்கிற வசதி உள்ளே இருக்கிறது என்றீர்களே என்று கடைக்காரரைக் கேட்டேன், அது போட்டுத்தான் இருக்கிறது என்றார். அப்படியானால் பீஸ் சரியில்லை, இன்னொன்றைப் பிரியுங்கள் என்றேன். அவர் முகம் கோணாமல் இன்னொரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார், உன் அப்பா மறுபடி மூன்று எடுத்தார், மறுபடி அதே இழுவை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது, விலை கூடியதைத் தள்ளிவிடுவதற்காகச் சின்னதில் கழிந்த சரக்கைக் காட்டுகிறார்கள். சொல்லியும்விட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் கோபப்படவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு உன் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், குரலைத் தணித்து, 'சாருக்குப் பெரிசே எடுத்துக்கோங்கம்மா, கண்ணுல ஊணிப் பிடிக்கலாம், அதுதான் தோதுப்படும்' என்றார். வியாபாரப் பேச்சை வேற ஆள்கிட்ட வெச்சுக்குங்க என்றேன். உன் அப்பா அதற்குள் படி வரைக்கும் போய்விட்டார், கை பாக்கெட்டில். முறை என்று ஒன்று இருக்கிறதே என்று நானும் என் பங்குக்குப் படங்களை எடுத்து, எல்லாவற்றையும் என் பென்டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டு, எதையும் வாங்காமல் இறங்கினேன். வழியெல்லாம் அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன். உன் அப்பா ஒரு தடவை மட்டும், 'அவர் மேல தப்பில்லை, விடு' என்றார். அதையும் நான் பிடித்துக்கொண்டேன், கடைக்காரருக்கு நீங்க ஏன் பரிந்துகொண்டு வர்றீங்க என்று.

திங்கட்கிழமை முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஊசல் பரிசோதனை. அவர்கள் நூலைக் கட்டி ஆடவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள், நான் ஆய்வகக் கணினியில் அந்தப் படங்களைப் போட்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா பெரியதில் எடுத்தவை எல்லாம் சுத்தம், கடிகாரத்தின் முள்ளில் ஒட்டியிருக்கிற தூசிகூடத் தெரிகிறது. அப்பா சின்னதில் எடுத்தவை, இரண்டு பெட்டியிலிருந்து வந்தவையும், எல்லாம் கலங்கல். அடுத்து நான் எடுத்தவை. பெரியதிலும் சுத்தம், சின்னதிலும் சுத்தம், நான் கழிந்த சரக்கு என்று சொன்ன அதே சின்னக் கேமராவில் எண்கள் அச்சடித்த மாதிரி நிற்கின்றன. பிழை கருவியில் இருந்தால் யார் எடுத்தாலும் வர வேண்டும். இது ஒருவர் எடுத்தால் வருகிறது, இன்னொருவர் எடுத்தால் வரவில்லை. கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைப் பிடித்திருக்கிற கையைப் பார் என்று வருஷா வருஷம் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பவள் நான், கடையில் ஊரையே குறை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கலங்கலை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். கை தவறி அசைந்திருந்தால் கோடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இது அப்படி இல்லை, போய்த் திரும்பி வந்திருக்கிறது, ஒவ்வொரு படத்திலும், ஒரே அளவில், ஒரே சாய்வில். என் பின்னால் பிள்ளைகள் ஊசலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் திரையை அணைத்துவிட்டு வெளியே வராந்தாவில் போய் நின்றேன்.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பாப்பா. கைதான் இருக்கிறது, நடுங்குகிற கை. டம்ளர் பாதி வருவதும், ஃபோனில் படம் விழாததும், சின்னது கைக்கு அடங்காது என்று சொன்னதும் எல்லாம் ஒன்றுதான். அவருக்கு இது தெரியும், தெரிந்துதான் மறைக்கிறார், கடைக்காரருக்கே ஒரு பார்வையில் தெரிந்தது, எனக்கு இருபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் ஒரு கடிகாரத்தைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. என்ன வியாதி என்று என்னைக் கேட்காதே, எனக்கு வைத்தியம் தெரியாது, இணையத்தில் தேடி ஒரு பெயரைக் கண்டுபிடித்து உன்னையும் பயமுறுத்தி நானும் பயப்பட மாட்டேன், நீயும் தேடாதே. என்னைத் தின்பது வேறு. அந்தக் கையால் இவர் தினமும் ஊசி பிடிக்கிறாரா? வயதானவர்கள், கைக்குழந்தைகள், நரம்பு கிடைக்காதவர்கள் என்று எத்தனை பேர் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். வேலை போய்விடுமே என்று மூடி மறைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் குத்திக்கொண்டிருக்கிறாரா? ஒருநாள் ஒரு குத்து பிசகினால் அந்த ஆளுக்கு என்ன ஆகும், இவருக்கு என்ன ஆகும், இத்தனை வருஷம் சேர்த்த பேர் என்ன ஆகும். உன் அப்பா யாரையும் நோகடிக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்ததெல்லாம் இந்த வாரம் எந்தக் கதிக்கு ஆளாகியிருக்கிறது என்று பார்த்தாயே. நேராகக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார். மறுபடி கேட்டால் சிரிப்பார். நேற்று சாப்பிடும்போது கேட்க வாயெடுத்தேன், அவர் அதற்குள் உன் குரல் ஏன் கட்டியிருக்கிறது என்று பேச்சை உன் பக்கம் திருப்பிவிட்டார், அதில் அவர் கெட்டிக்காரர்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எனக்குத் தைராய்டுக்கு ரத்தம் பார்க்க வேண்டிய காலம் கடந்துபோய்விட்டது, போன தடவை சொன்னபோது 'லேப்ல மெஷின் ரிப்பேர், அப்புறம் பாக்கலாம்' என்று தள்ளிப் போட்டார், அதையும் அப்போது நம்பிவிட்டேன். நாளை காலை கல்லூரிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவரிடம் சொல்லாமல், லேபுக்குப் போய் எல்லோரையும் போல வரிசையில் உட்காரப் போகிறேன். என் நரம்பு ஊசியைக் கண்டால் நழுவி ஓடுகிற நரம்பு, அவரைத் தவிர யார் எடுத்தாலும் இரண்டு மூன்று இடத்தில் நீலம் கட்டும். அவர் முன்னால் கையை நீட்டுவேன். எடுக்கிறாரா இல்லையா என்று பார்ப்பேன். இப்படிச் செய்வது நல்லதா என்று எனக்கே நிச்சயம் இல்லை, புருஷனை உளவு பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அந்த நாற்காலியில் யாராவது ஒருவர் மேல் பிசகத்தான் போகிறது என்றால் அது என் கையாக இருந்துவிட்டுப் போகட்டும். கடிதத்தை இப்படியே மடித்து வைக்கிறேன், நடந்ததைச் சேர்த்து எழுதி அனுப்புகிறேன்.

மறுநாள் மாலை எழுதுகிறேன். போனேன். லேப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன் எண் காட்டுகிற சின்னப் பெட்டி, என் எண் வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். ரத்தம் எடுக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் உன் அப்பா இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் ஊசியோடு நின்றாள். அவர் அறையின் அந்தக் கோடியில் மேசை முன்னால் உட்கார்ந்து, குப்பிகளைத் தாங்கியில் அடுக்கிப் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், முன்கை இரண்டையும் மேசை விளிம்பில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்தார். திடுக்கிடுவார் என்று நினைத்தேன், இல்லை. 'என்ன, புரொபசர் இந்தப் பக்கம்' என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார். உங்க கையால எடுத்துக்கலாம்னு வந்தேன் என்றேன். அவர் வலது கையைக் கொண்டுவந்து, நோயாளிகள் கை வைக்கிற அந்தப் பலகையில், என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அது ஆடியது. பார்த்துக்கொள் என்கிற மாதிரி அங்கேயே வைத்திருந்தார். 'இதாலயா' என்று கேட்டார். அந்தப் பெண் பஞ்சை எடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். அவர் அவளிடம், 'இவங்க நரம்பு நழுவும்மா, மேல தெரியுறதை நம்பாதே, நான் விரல் வைக்கிற இடத்துக்குக் கீழே போ, சாய்ச்சுப் போ' என்று சொல்லி, என் முழங்கை மடிப்பில் விரலால் தேடி ஒரு இடத்தில் அழுத்திப் பிடித்தார். விரலின் நடுக்கம் என் தோலில் தெரிந்தது. அழுத்தின பிறகு குறைந்தது. அவள் ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். நான் யார் என்று அவர் பிறகுதான் அவளிடம் சொன்னார், 'சார் வீட்டம்மான்னு முன்னாடியே சொல்லியிருந்தா பயத்துல கோட்டை விட்டிருப்பேன் மேடம்' என்றாள்.

பிறகு வராந்தாவில் டீ மிஷின் பக்கத்தில் நின்று அவர் சொன்னார், நான் குறுக்கே பேசாமல் கேட்டேன், எனக்கே ஆச்சரியம். நடுக்கம் தெரிந்த முதல் வாரமே லேப் டாக்டரிடம் போய், இனிமேல் ஊசி பிடிக்க மாட்டேன், வேறு வேலை கொடுங்கள் என்று அவராகவே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒருவரைக்கூடக் குத்தவில்லை. 'இங்க எல்லாருக்கும் தெரியும், வீட்டுலதான் தெரியாது' என்றார். உன் மாமா ஒருநாள் ரத்தப் பரிசோதனைக்கு வந்து பார்த்துவிட்டிருக்கிறான், அக்காவிடம் சொல்லாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அவன் டீ குடிக்காமல் ஓடினது அதனால்தான், நான் அவனைக் கமிஷன் வாங்குகிறவனாக நினைத்திருந்தேன், அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'நீ எதையும் மூணு தடவை சரிபார்ப்பே, எனக்கு ஒரு தடவை பார்க்கவே தெம்பில்லாம இருந்தது' என்றார். டாக்டரைப் பார்க்காததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார், போனால் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார்கள், பேர் வைத்துவிட்டால் வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிடும் என்றார். பேர் வைக்காமலே அது நம்ம வீட்டுல சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டுத்தானே இருக்கு என்றேன். அதற்குச் சிரித்தார், இந்தத் தடவை மழுப்புகிற சிரிப்பு இல்லை. கேமராவைப் பற்றியும் கேட்டேன். லேபில் ஒருவர் ஓய்வு பெற்ற அன்று யாரோ ஒரு பெரிய கேமராவை இவர் கையில் கொடுத்து எல்லோரையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக் கண்ணில் வைத்திருக்கிறார். 'கை நின்னுது' என்றார், 'வேற எதுலயும் நிக்கல, அதுல நின்னுது.' அவ்வளவுதான் சொன்னார். ஆகவே பெரியதையே வாங்கு, இன்னொரு லென்ஸ் கேட்டாலும் பார்த்துக்கொள்ளலாம். டீயைக் குடித்துவிட்டு அவரை நேரே அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு அழைத்துப் போனேன், நரம்பு மருத்துவரைப் பார்க்க அடுத்த வியாழன் கிடைத்தது. பதிவு செய்யும் இடத்தில் இருந்த ஆள் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார், நான் பேனாவை எடுக்கப் போனேன், நான் போடுறேன் என்று உன் அப்பா வாங்கிக்கொண்டார். பின்னால் வரிசை நீளமாக நின்றது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் போட்டார், கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது, அந்த ஆள் வேறு தாள் தரவா என்று கேட்டார், வேண்டாம், இதுதான் என் கையெழுத்து என்று அவர் சொன்னார்.

எல்லாவற்றையும் உனக்கு எழுதிவிடு என்றும் அவரே சொன்னார், அதனால் இது ஒளித்து அனுப்புகிற கடிதம் இல்லை. நீ விடுப்புப் போட்டு ஓடி வர வேண்டாம், வியாழக்கிழமை டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். தைராய்டு அளவு சரியாக இருக்கிறதாம். உன் உடம்பும் மனமும் தெம்பாக இருக்க வேண்டும், எடுத்த வேலை எல்லாம் கைகூட வேண்டும், எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்யும்போது அப்பா முதலில் பேசுவார், சொல்லி முடிக்கும் வரை நடுவில் புகாதே, நீ என் மகள், புகுவாய்.

இப்படிக்கு,
உன் அம்மா